கலிபோர்னியாவில் வாக்காளர் பதிவும் வரி முன்மொழிவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்ற தமிழர்கள் அதிபர் தேர்தலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் யார் நிற்கிறார்கள் என்பதும் அத்துப்படி. ஆனால் வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் சொத்து வரி, விற்பனை வரி, வருமான வரி, கடன் பத்திரம் என்று வரிசையாகக் கேள்விகள் வந்ததும் பலருக்குப் பேனா நின்றுவிடுகிறது. அதிபர் தேர்தலில் இந்த மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்பது முன்பே தெரிந்த சேதி. வரி முன்மொழிவுகளோ இழுபறியில் முடிகின்றன. 2020-இல் வணிகச் சொத்து வரியைக் கூட்டக் கேட்ட ப்ராப் 15 (‘ப்ராப்’ என்பது ப்ரொபொசிஷன், அதாவது மக்கள் வாக்குக்கு வரும் முன்மொழிவு) சுமார் 52-க்கு 48 என்ற கணக்கில் தோற்றது. அதே நாளில், வீட்டுச் சொத்து வரிச் சலுகைகளை மாற்றிய ப்ராப் 19 சுமார் 51 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது. உங்கள் ஒரு வாக்குக்கு உண்மையில் எடை இருப்பது அந்தப் பின்பக்கத்தில்தான்.

தமிழ்ப் பள்ளி வாசலிலும் வாக்காளர் பதிவு மேசைகளிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. குடியேற்றச் சிக்கல் உள்ளவர்கள் தகுந்த வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும்.

யார் வாக்காளராகப் பதிவு செய்யலாம்?

அமெரிக்கக் குடியுரிமை, கலிபோர்னியாவில் வசிப்பு, தேர்தல் நாளில் 18 வயது நிறைவு ஆகிய மூன்றும் வேண்டும். கடுங்குற்றத்துக்காக மாநில, மத்திய சிறைகளில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவர்களும், வாக்களிக்கும் மனநிலை இல்லை என்று நீதிமன்றம் அறிவித்தவர்களும் பதிவு செய்ய முடியாது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பது தடையல்ல. அது இந்தியா தரும் வசதி. நீங்கள் அமெரிக்கக் குடிமகன்தான்.

கிரீன் கார்டு இருக்கிறது, வரியும் கட்டுகிறேன். பதிவு செய்யலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாக்கள், கிரீன் கார்டு என எந்த நிலையில் இருப்பவரும் மாநில, மத்தியத் தேர்தல்களில் வாக்காளராகப் பதிவு செய்யக் கூடாது. சட்டத்துக்குப் புறம்பாக வாக்களிப்பதும், குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வதும் நாடுகடத்தலுக்கான காரணங்கள் என்று குடியேற்றச் சட்டமே சொல்கிறது. குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தில், இதற்கு முன் எப்போதாவது வாக்களித்தீர்களா, பதிவு செய்தீர்களா என்ற கேள்வி நேரடியாகவே வரும். தெரியாமல் செய்துவிட்டேன் என்ற பதில் எப்போதும் காப்பாற்றாது.

சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத் தேர்தலுக்கு மட்டும் குடிமக்கள் அல்லாத பெற்றோருக்கு வாக்குரிமை உண்டு. 2016-இல் அந்நகர மக்கள் ப்ராப் என் மூலம் கொடுத்த உரிமை அது. அதற்குத் தனிப் பதிவு, தனி வாக்குச்சீட்டு. அதையும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. அதை வைத்துக்கொண்டு மற்ற தேர்தல்களிலும் வாக்களிக்கலாம் என்று எண்ணிவிடவே கூடாது.

ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே பதிவாகிவிடும் என்கிறார்களே?

2018 ஏப்ரலில் இருந்து, டி.எம்.வி. (மோட்டார் வாகனத் துறை) அலுவலகத்தில் உரிமம் எடுப்பவர், புதுப்பிப்பவர், முகவரி மாற்றுபவர் ஆகியோரில் தகுதியுள்ளவர்களை, அவர்களே வேண்டாம் என்று சொன்னாலொழிய, வாக்காளர்களாகப் பதிவு செய்யும் முறை நடைமுறையில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது தொடங்கிய ஆண்டிலேயே, தகுதி இல்லாத சிலரும் நிர்வாகப் பிழையால் பட்டியலில் சேர்ந்துவிட்டது வெளியே வந்தது. குடிமகன் அல்லாதவர்கள் டி.எம்.வி. திரையில் குடியுரிமை பற்றிய கேள்வி வரும் இடத்தில் நிதானமாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். அவசரத்தில் ‘அடுத்து’ பொத்தானை அழுத்திக்கொண்டே போகக் கூடாது. உங்கள் பெயருக்கு வாக்குச்சீட்டு தவறாக வந்தால் நிரப்பாதீர்கள். உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதிவை நீக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

குடிமக்களும் டி.எம்.வி. பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட வேண்டாம். தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலரின் இணையதளத்தில் உங்கள் பதிவு இருக்கிறதா, முகவரி சரியா என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பதிவு செய்ய என்னென்ன தேவை? கடைசி நாள் எது?

ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை எண், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், பிறந்த தேதி. இவை இருந்தால் இணையத்திலேயே முடிந்துவிடும், டி.எம்.வி.யில் உள்ள உங்கள் கையெழுத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். தாளில் நிரப்ப விரும்புவோருக்கு நூலகம், தபால் நிலையம், கவுண்டி அலுவலகம் ஆகிய இடங்களில் படிவம் கிடைக்கும்.

தேர்தலுக்கு 15 நாள் முன்பு கடைசி நாள். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு அது அக்டோபர் 19. அதைத் தவறவிட்டாலும் கதவு அடைபடவில்லை. தேர்தல் நாள் வரை கவுண்டி அலுவலகத்திலோ வாக்கு மையத்திலோ நேரில் சென்று பதிவு செய்து அங்கேயே வாக்களிக்கலாம். உங்கள் தகுதி சரிபார்க்கப்பட்ட பிறகு அந்த வாக்கு எண்ணப்படும். தேர்தலுக்கு முந்தைய வாரம் குடியுரிமை உறுதிமொழி எடுத்தவர்களும் இந்த வழியில் வாக்களிக்கலாம். வீடு மாறினால் முகவரியைத் திருத்த மறக்காதீர்கள். பள்ளி மாவட்டம் மாறினால் நீங்கள் வாக்களிக்கும் வரியும் மாறுகிறது.

என் பெயர், இனிஷியல், கையெழுத்து எல்லாம் ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறதே?

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. அப்பாவின் பெயர் ஓர் ஆவணத்தில் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும், வேறொன்றில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். வாக்காளர் பதிவில் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். குடியுரிமை பெறும்போது பெயரை மாற்றியவர்கள் முதலில் உரிமத்தைத் திருத்திவிட்டுப் பிறகு பதிவைத் திருத்துவது சுலபம்.

கையெழுத்து அதைவிட முக்கியம். தபால் வாக்கு உறையின் மேல் நீங்கள் இடும் கையெழுத்தைப் பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்ட பிறகே உறையைப் பிரிப்பார்கள். தமிழில் கையெழுத்திடுவது முற்றிலும் செல்லும். ஆனால் உரிமத்தில் ஆங்கிலத்தில் இட்டுவிட்டு உறையில் தமிழில் இட்டால் பொருந்தாமல் போகும். வயதான பெற்றோருக்கு டி.எம்.வி.யின் மின்பலகையில் விரலால் கிறுக்கிய கையெழுத்து ஒன்றாகவும், தாளில் பேனாவால் இடுவது வேறாகவும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பொருந்தவில்லை என்றால் கவுண்டி கடிதம் அனுப்பும். கெடுவுக்குள் பதில் அனுப்பினால் வாக்கு எண்ணப்படும். அந்தக் கடிதத்தை விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

கட்சியைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். கட்சி விருப்பம் இல்லை என்று குறிக்கலாம். முன்மொழிவுகளில் வாக்களிக்கக் கட்சி ஒரு பொருட்டே அல்ல. ஒன்றில் மட்டும் கவனம்: ‘அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்’ என்பது தனியாக ஒரு கட்சி. சுயேச்சை என்று எண்ணி அதைக் குறித்துவிடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

பதிவு செய்தால் ஜூரி பணிக்குக் கூப்பிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

பதிவு செய்யாவிட்டாலும் கூப்பிடுவார்கள். டி.எம்.வி. பட்டியலில் இருந்தும், 2022 முதல் மாநில வருமான வரி செலுத்துவோர் பட்டியலில் இருந்தும் பெயர் எடுக்கிறார்கள்.

மகளுக்கு 16 வயதுதான் ஆகிறது.

குடிமகளாக இருந்தால் முன்பதிவு செய்துவிடலாம். 18 ஆனதும் தானாகவே வாக்காளர் ஆகிவிடுவாள்.

தேர்தல் சமயத்தில் ஊரில் இருப்போம். வாக்களிக்க முடியுமா?

முடியும். வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர் என்று முன்கூட்டியே விண்ணப்பித்தால், தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்குச்சீட்டு அனுப்பப்படும். மின்னஞ்சல் வழியாகவும் பெறலாம். நிரப்பியதைத் தபாலில் அல்லது ஃபேக்ஸில் திருப்பி அனுப்ப வேண்டும். மதுரையில் இருந்து அனுப்பும் தபால் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். வந்த கையோடு நிரப்பி அனுப்புங்கள்.

வரி முன்மொழிவுகள் வாக்குச்சீட்டுக்கு எப்படி வருகின்றன?

மாநில அளவில் இரண்டு வழிகள். சட்டமன்றமே மக்கள் முன் வைப்பது ஒன்று. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. மக்களே கையெழுத்துச் சேகரித்துக் கொண்டுவருவது இன்னொன்று. இந்த உரிமை 1911-இல், ஆளுநர் ஹைராம் ஜான்சன் காலத்தில் கிடைத்தது. சட்டமன்றம் ரயில்வே முதலாளிகளின் பிடியில் இருக்கிறது என்ற கோபத்தில் பிறந்த உரிமை அது.

கையெழுத்து எண்ணிக்கை, கடைசி ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளைப் பொறுத்தது: சாதாரணச் சட்டத்துக்கு 5 சதவீதம், அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 8 சதவீதம். 2022 தேர்தலுக்குப் பிறகான கணக்கில் முறையே 5,46,651, 8,74,641 கையெழுத்துகள். 180 நாளில் சேகரிக்க வேண்டும். இத்தனை பேரைத் தன்னார்வலர்களைக் கொண்டு மட்டும் பிடிப்பது கடினம் என்பதால், கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துச் சேகரிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அன்று ரயில்வே முதலாளிகளுக்கு எதிராகக் கிடைத்த ஆயுதத்தைத் தூக்கவே இன்று பெரும் பணம் தேவைப்படுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கடை வாசலில் மனுவை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதிவு செய்த வாக்காளர் மட்டுமே போட வேண்டும். போடுவதற்கு முன், மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) எழுதிய தலைப்பையும் சுருக்கத்தையும் நீங்களே படியுங்கள். மனுவின் ஒவ்வொரு தாளிலும் அது அச்சிடப்பட்டிருக்கும். பணம் கொடுப்பவர்களில் முதன்மையானவர் யார் என்பதையும் கேளுங்கள். “வரியைக் குறைக்கும் மனு, சார்” என்று வாயால் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போட்ட பிறகு மனம் மாறினால், மனு தாக்கல் ஆவதற்குள் கவுண்டிக்கு எழுதிக் கொடுத்து உங்கள் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம்.

ப்ராப் 13 என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன?

1978 ஜூன் 6-இல் ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் ஆகியோர் முன்னின்று கொண்டுவந்து ஏறத்தாழ 65 சதவீத வாக்கில் வென்ற முன்மொழிவு. அன்று வீட்டு விலை வேகமாக ஏற, சொத்து வரியும் கூடவே ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள் தாங்கள் கடன் அடைத்து முடித்த வீட்டிலேயே இருக்க முடியாமல் தவித்தார்கள். ப்ராப் 13 மூன்று முடிச்சுகளைப் போட்டது. அடிப்படைச் சொத்து வரி, மதிப்பீட்டுத் தொகையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது; வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோ மட்டுமே சந்தை விலைக்கு ஏறும். மாநிலம் வரியை உயர்த்த சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கும், ஊர்கள் குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி போட வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும்.

அதன் விளைவு உங்கள் தெருவிலேயே இருக்கிறது. ஃப்ரீமாண்ட்டிலோ சன்னிவேலிலோ ஒரே மாதிரிக் கட்டப்பட்ட இரண்டு வீடுகள். 1990-களில் வாங்கியவரின் மதிப்பீட்டுத் தொகை 3 லட்சம் டாலருக்கு அருகில் இருக்கும். அண்மையில் வாங்கிய உங்களுடையது 12 லட்சத்தைத் தாண்டும். பள்ளியும் சாலையும் தீயணைப்பு வண்டியும் இருவருக்கும் ஒன்றுதான். அடிப்படை வரியில் நான்கு மடங்கு வித்தியாசம். வீடு வாங்கிய சில மாதங்களில் எதிர்பாராமல் ஒரு துணை வரி பில் வந்து விழுவதும் இதனால்தான்: பழைய உரிமையாளரின் மதிப்புக்கும் உங்கள் விலைக்கும் இடையிலான வித்தியாசத்துக்கான வரி அது. பெரும்பாலும் வங்கியின் எஸ்க்ரோ கணக்கு (வீட்டுக் கடன் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கிக் கட்டும் கணக்கு) அதைக் கட்டாது. நீங்கள்தான் கட்ட வேண்டும்.

முதியோரை வீட்டை விட்டுத் துரத்தாத சட்டம் என்ற வகையில் ப்ராப் 13-ஐ நான் மதிக்கிறேன். ஆனால் அதே சலுகை அலுவலக வளாகங்களுக்கும் வணிக வளாகங்களுக்கும் கிடைப்பதற்கு நியாயம் எனக்குப் புரியவில்லை. நிறுவனங்களுக்கு மூப்பு இல்லை. நிலமும் அடிக்கடி கைமாறுவதில்லை. 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வணிகச் சொத்துகளைச் சந்தை விலைக்கு மதிப்பிடலாம் என்று 2020-இல் ப்ராப் 15 கேட்டது. அதனால் ஆண்டுக்கு 650 கோடி முதல் 1,150 கோடி டாலர் வரை பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் கிடைக்கும் என்று சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் கணித்தது. தோற்றது. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். அதைச் சொல்லும் இடம் வாக்குச்சீட்டு.

பள்ளிக் கடன் பத்திரம் என்றால் வரி இல்லையா?

வரிதான். யார் பையிலிருந்து என்பதில்தான் வேறுபாடு. மாநிலக் கடன் பத்திரம், 2024-இல் வென்ற 1,000 கோடி டாலர் பள்ளிக் கட்டடப் பத்திரமான ப்ராப் 2 போன்றது, மாநிலத்தின் பொது நிதியில் இருந்து அடைக்கப்படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர் வீதம் 35 ஆண்டுகள் என்று மாநிலம் அனுப்பும் வாக்காளர் வழிகாட்டிப் புத்தகத்திலேயே கணக்குப் போட்டிருந்தார்கள். உங்கள் வீட்டு வரி அதனால் ஏறாது. உள்ளூர்ப் பள்ளி மாவட்டம் வெளியிடும் பத்திரம் நேராக உங்கள் சொத்து வரி பில்லில் ஏறும்.

உள்ளூர்ப் பத்திரத்துக்கான விளக்கத்தில் ‘1 லட்சம் டாலர் மதிப்பீட்டுக்கு 60 டாலர்’ என்பது போல ஒரு வரி இருக்கும். 55 சதவீத ஆதரவில் நிறைவேறும் பள்ளிப் பத்திரங்களில் ஒருங்கிணைந்த (தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் சேர்ந்த) பள்ளி மாவட்டத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான். அந்த மதிப்பீடு சந்தை விலை அல்ல. பில்லில் உள்ள மதிப்பீட்டுத் தொகை. 12 லட்சம் மதிப்பீட்டில் இருக்கும் நீங்கள் ஆண்டுக்கு 720 டாலர் கட்டுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் 3 லட்சத்துக்கு 180 டாலர். சொத்து வரி பில்லும் வாக்குச்சீட்டும் பெரும்பாலும் அக்டோபரில் ஒன்றை அடுத்து ஒன்று வீட்டுக்கு வருகின்றன. இரண்டையும் மேசையில் அருகருகே விரித்துவையுங்கள். பில்லின் கீழ்ப்பகுதியில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, போக்குவரத்து என்று சிறு எழுத்தில் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு தேர்தலில் யாரோ சொன்ன ‘ஆம்’.

நான் பெரும்பாலும் பள்ளிப் பத்திரங்களுக்கு ஆம் என்றே வாக்களிக்கிறேன். நல்ல பள்ளிக்காகத்தானே இந்த ஊர்களில் இவ்வளவு விலை கொடுத்து வீடு வாங்குகிறோம். ஆனாலும் முந்தைய பத்திரத்தின் பணம் என்ன ஆனது என்று பார்த்த பிறகே முடிவு செய்கிறேன். 55 சதவீத விதியின் கீழ் வரும் பத்திரங்களுக்குக் குடிமக்கள் கண்காணிப்புக் குழுவும் ஆண்டுத் தணிக்கையும் கட்டாயம். அறிக்கைகள் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

வீட்டுக்கு இவ்வளவு என்று போடப்படும் பார்சல் வரி இதிலிருந்து வேறு. அதில் 65 வயதைத் தாண்டிய உரிமையாளர்களுக்குப் பல பள்ளி மாவட்டங்கள் விலக்கு தருகின்றன. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

எவ்வளவு சதவீதம் கிடைத்தால் வெற்றி?

மாநில முன்மொழிவுக்குப் பாதிக்கு மேல் போதும். ஊர் அளவில், பொது நிதிக்குப் போகும் வரிக்குப் பாதிக்கு மேல். குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு. பள்ளிப் பத்திரத்துக்கு 55 சதவீதம். 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் அப்லேண்ட் வழக்கில் வழங்கிய தீர்ப்பையும் அதைப் பின்பற்றிய தீர்ப்புகளையும் அடுத்து, மக்களே கையெழுத்திட்டுக் கொண்டுவரும் குறிப்பிட்ட நோக்க வரிக்கும் பாதிக்கு மேல் போதும் என்றாகிவிட்டது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் ஏமாற்றம் வரும். 2025 நவம்பரில் சான்டா கிளாரா கவுண்டி வாக்காளர்கள் ஒரு விற்பனை வரி உயர்வை ஏற்றார்கள். பிரசாரம் முழுவதும் மருத்துவமனைகளைப் பற்றியே இருந்தது. சட்டப்படி அது பொது வரி. பொது வரியின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதைக் கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு ஒவ்வோர் ஆண்டும் முடிவு செய்யும். அதை நம்பி வாக்களிப்பது தவறல்ல. தெரிந்து வாக்களிக்க வேண்டும்.

வருமான வரியையும் மக்கள்தான் முடிவு செய்கிறார்களா?

பெரும் வருமானத்துக்கான வரியை, ஆம். 2012-இல் ஆளுநர் ஜெரி பிரவுன் முன்னின்ற ப்ராப் 30, தனிநபருக்கு 2.5 லட்சம் டாலருக்கு மேலும் தம்பதிக்கு 5 லட்சத்துக்கு மேலும் உள்ள வருமானத்துக்குக் கூடுதல் வரி போட்டது. 2016-இல் ப்ராப் 55 அதை 2030 வரை நீட்டித்தது. அந்த வரம்புகள் விலைவாசியோடு ஏறி வந்திருக்கின்றன. 2004-இன் ப்ராப் 63, பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு மனநல சேவைக்காக 1 சதவீதம் சேர்த்தது. மாநிலத்தின் 13.3 சதவீத உச்ச வரி விகிதம் இப்படி வாக்குச்சீட்டில்தான் உருவானது. நிறுவனப் பங்குகள் ஒரே ஆண்டில் கைக்கு வந்து, அந்த ஒரு வருடம் மட்டும் இந்த அடுக்கில் ஏறிவிடும் மென்பொருள் ஊழியர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2030-க்குப் பிறகு இந்த வரி தொடர வேண்டுமா என்ற கேள்வி எழத்தான் போகிறது.

எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 2022-லும் ஒரு ப்ராப் 30 வந்தது. அதுவும் பணக்காரர்கள் மீதான வரிதான். 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 1.75 சதவீதம், பெரும்பகுதி மின்சார வாகனங்களுக்கு. லிஃப்ட் (Lyft) என்ற வாடகைக் கார் சேவை நிறுவனம் பெரும் பணம் போட்டது, ஆளுநர் நியூசம் எதிர்த்தார், தோற்றது. எண்கள் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் 1-இலிருந்து தொடங்குவதால் வரும் குழப்பம் இது.

ஆம் என்றால் வரி கூடுமா, குறையுமா?

முன்மொழிவுக்கு முன்மொழிவு மாறும். 2017-இல் சட்டமன்றம் பெட்ரோல் வரியைக் கேலனுக்கு 12 சென்ட் உயர்த்தியது. அதை நீக்க 2018-இல் ப்ராப் 6 வந்தது. ‘ஆம்’ என்றால் வரி போகும். ‘இல்லை’ என்றால் வரி நிற்கும். வரியே வேண்டாம் என்று கோபத்தில் ‘இல்லை’ குறித்தவர் அந்த வரியைக் காப்பாற்றினார். சட்டமன்றம் ஏற்கெனவே இயற்றிய ஒரு சட்டத்தை எதிர்ப்பவர்கள் மனு போட்டு ரெபரெண்டமாக மக்கள் முன் கொண்டுவரும்போது, முன்பு ‘ஆம்’ என்பது அந்தச் சட்டம் இருக்கட்டும் என்பதற்கு; 2023-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு மாநில ரெபரெண்டத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘சட்டத்தை வைத்திரு’, ‘சட்டத்தை நீக்கு’ என்று இருக்கும். மனுவில் கையெழுத்திட்டு எதிர்த்தவர்கள் ‘நீக்கு’ என்பதைக் குறிக்க வேண்டும்.

ஒன்றுக்கொன்று முரணான இரண்டு முன்மொழிவுகளும் வென்றுவிட்டால், அதிக ‘ஆம்’ பெற்றது நிற்கும்.

வழிகாட்டிப் புத்தகம் தலையணை மாதிரி இருக்கிறது. எதைப் படிப்பது?

மாநிலம் அனுப்பும் புத்தகத்தில் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் எழுதிய ஆய்வு இருக்கும். கட்சி சாராத, 1941 முதல் இயங்கும் அலுவலகம். முதலில் அதைப் படியுங்கள்: இப்போது என்ன நிலை, என்ன மாறும், எவ்வளவு செலவு என்று தெளிவாக எழுதுவார்கள். ஆதரவு, எதிர்ப்பு வாதங்களைக் கடைசியில் படியுங்கள். அவை அந்தந்தத் தரப்பே எழுதியவை. வாதத்தின் அடியில் கையெழுத்திட்டிருப்பவர் யார் என்று பார்ப்பது, வாதத்தையே படிப்பதைவிடச் சில நேரம் அதிகம் சொல்லும். சந்தேகம் வந்தால் பின்பக்கத்தில் உள்ள சட்டத்தின் முழு வாசகத்துக்குப் போங்கள். நீக்கும் சொற்களை அடித்தும், சேர்க்கும் சொற்களைச் சாய்வெழுத்திலும் காட்டியிருப்பார்கள். பெரும் பணம் போட்டவர்கள் யார் என்பது மாநிலச் செயலரின் இணையதளத்தில் கிடைக்கும்.

புரியாத கேள்வியை விட்டுவிடலாமா?

விடலாம். மற்ற வாக்குகள் கெடாது. விட்டுவிட்டால் அது ‘இல்லை’ என்று கணக்காகும் என்பது தவறு. அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை குறித்தவர்களை மட்டுமே எண்ணுவார்கள். நீங்கள் விட்டது, குறித்தவர்களின் குரலை அந்த அளவுக்குப் பெரிதாக்குகிறது.

வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பழைய வரியே தொடருமா?

முன்பு பெரும்பாலும் தொடர்ந்தது. 2020-இல் ப்ராப் 19 மாற்றிவிட்டது. 2021 பிப்ரவரி 16-இலிருந்து, பெற்றோர் குடியிருந்த வீட்டில் பிள்ளையும் தன் முதன்மை வீடாகக் குடியேறினால்தான் பழைய மதிப்பீடு தொடரும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டாவது வீட்டுக்குச் சலுகை இல்லை. சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. அதே முன்மொழிவு, 55 வயதைத் தாண்டியவர்கள் தங்கள் குறைந்த மதிப்பீட்டை மாநிலத்துக்குள் வேறு வீட்டுக்கு மூன்று முறை வரை எடுத்துச் செல்லவும் வழி செய்தது. அந்த நாளில் இதைப் படிக்காமல் கடந்து போனவர்கள், இன்று உயில் எழுதும்போது வழக்கறிஞர் சொல்லித் தெரிந்துகொள்கிறார்கள்.

குடியுரிமை இல்லை. நான் என்னதான் செய்யலாம்?

நிறைய. முன்மொழிவு தாக்கலானதும் 30 நாளுக்கு அட்டர்னி ஜெனரலின் இணையதளத்தில் பொதுமக்கள் கருத்து எழுதலாம். குடியுரிமை நிபந்தனை இல்லை. வாக்கெடுப்புக்குத் தகுதி பெறவிருக்கும் முன்மொழிவுகள் மீது சட்டமன்றக் குழுக்கள் விசாரணை நடத்தும், அங்கே பேசலாம். பள்ளி வாரியமும் நகர மன்றமும் வரியை வாக்குச்சீட்டில் வைப்பதா என்று விவாதிக்கும் கூட்டங்களில், பொதுக் கருத்து நேரத்தில் எழுந்து பேச யாருக்கும் உரிமை உண்டு. அந்த மட்டத்தில் நாலைந்து பெற்றோர் எழுந்து நின்றாலே வரியின் அளவும் வாசகமும் மாறக்கூடும். பணமாக நன்கொடை தருவதற்கு மட்டும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. சட்டம் தெரிந்தவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. உதவலாமா?

உதவலாம். வாக்காளர் தன்னுடன் இரண்டு பேர் வரை உதவிக்கு அழைத்துச் செல்லலாம். அவருடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது. சில கவுண்டிகள் பார்த்துக்கொள்வதற்குத் தமிழில் மாதிரி வாக்குச்சீட்டு வைத்திருக்கின்றன. உங்கள் கவுண்டி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் கிடைக்கும் இடங்களும் பெருகும். வீட்டில் உட்கார்ந்து நிரப்பும்போது வாசித்துப் பொருள் சொல்லுங்கள். முடிவை அம்மாவே எடுக்கட்டும், உறையில் கையெழுத்தையும் அம்மாவே இடட்டும்.

எப்போது, எப்படித் திருப்பி அனுப்புவது?

பதிவு செய்த எல்லா வாக்காளருக்கும் அக்டோபர் முதல் வாரவாக்கில் வாக்குச்சீட்டு தபாலில் கிளம்பும். தபால்தலை வேண்டாம். மாநில விதிப்படி தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்து ஏழு நாளுக்குள் வந்து சேர வேண்டும். ஆனால் பெட்டியில் போட்ட நாளன்றே முத்திரை விழும் என்ற உறுதி இல்லை. கடைசி வாரம் வரை வைத்திருந்தால் தபாலை நம்பாமல், நூலகத்திலோ நகர மன்ற வாசலிலோ உள்ள அதிகாரபூர்வ வாக்குப் பெட்டியில் போடுங்கள். உறை வந்து சேர்ந்ததா, எண்ணப்பட்டதா என்று குறுஞ்செய்தி அனுப்பும் சேவையும் மாநிலத்தில் உண்டு.

வென்ற வரி எப்போது நடைமுறைக்கு வரும்?

மாநிலச் செயலர் முடிவுகளைச் சான்றளித்த ஐந்தாம் நாள் என்பது பொது விதி; 2018 ஜூனில் மக்களே ப்ராப் 71 மூலம் ஏற்ற விதி. முன்மொழிவு தனக்கென்று வேறு தேதி வைத்துக்கொள்ளலாம். 2012 நவம்பரில் வென்ற ப்ராப் 30-இன் வருமான வரி உயர்வு, அதே ஆண்டு ஜனவரி 1-இலிருந்தே கணக்கிடப்பட்டது. எனவே முழு வாசகத்தைத் திறக்கும்போது தேதி எங்கே இருக்கிறது என்றும் தேடிப் பாருங்கள்.